இந்தியாவுக்குச் சாமான் அனுப்ப யோசிக்கிற எங்கட யாழ்ப்பாணத்துச் சின்ன வியாபாரிகளுக்கு: கறித்தூளை வைச்சு ஒரு வழிகாட்டி

போன மாசம் மட்டும் மூண்டு பேர் கோல் எடுத்து ஒரே கேள்விதான் கேட்டவை, "அண்ணை, பலாலியில இருந்து பிளேன் ஓடுது, காங்கேசன்துறையில இருந்து கப்பல் ஓடுது, அப்ப என்ர தூளைச் சென்னைக்கு அனுப்பினால் என்ன?" எண்டு. அனுப்பலாம். ஆனா அந்தப் பிளேனும் கப்பலும் ஆக்களுக்கு, உங்கட 500 கிலோ தூளுக்கு இல்லை. 2022 டிசம்பரில சென்னை பிளேன் திரும்பத் தொடங்கினது, 2024 ஆகஸ்டில நாகபட்டினக் கப்பலும் திரும்ப ஓடினது, எல்லாம் சந்தோசம், ஆனா வியாபாரச் சாமான் எண்டால் இண்டைக்கும் லொறியில ஏத்தி 400 கிலோமீற்றர் கொழும்புக்குக் கொண்டு போய், அங்க கொண்டெய்னரில போட்டுத்தான் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போகும். கண்ணுக்கு முன்னால 110 கிலோமீற்றரில நாகபட்டினம் கிடக்க நாங்கள் தெற்கால சுத்திப் போறம். காங்கேசன்துறைத் துறைமுகத்தைத் திருத்த இந்தியா 61.5 மில்லியன் டொலர் தாறதாச் சொல்லியிருக்கு, அது முடிஞ்சு சரக்குக் கப்பல் ஒழுங்கா வந்தால் இந்தப் பந்தியை நான் சந்தோசமா அழிச்சு எழுதுவன். இப்போதைக்குக் கொழும்புச் செலவைக் கணக்கில போட்டுத்தான் விலை சொல்லோணும்.

2022ல டீசலுக்கும் காஸுக்கும் நாங்கள் லைனில நிண்ட நேரம் இந்தியா கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது, அதுக்குப் பிறகு ரண்டு நாட்டுக்கும் இடையில போக்குவரத்துக் கூடிக்கொண்டுதான் போகுது. உல்லாசப் பயணிகளில கூடுதலா வாறதும் இந்தியர்தான், 2024 பெப்ரவரியில இருந்து அவை இஞ்ச கடைகளில யு.பி.ஐ. எண்ட இந்தியப் போன் கட்டண முறையால ஸ்கேன் பண்ணிக் காசு குடுக்கலாம். ஆனா கடைத்தட்டைப் பாருங்கோ, அங்க இருந்து வாறது மலையளவு, இஞ்ச இருந்து போறது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில எங்கட பங்கைக் கூட்டோணும் எண்டுதான் இதை எழுதுறன்.

எங்கட சாமானுக்கு இந்தியாவில கிடைக்கிற சுங்க வரிச்சலுகை எங்க இருந்து வருது எண்டால், இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை. 1998 டிசம்பரில கைச்சாத்தாகி 2000 மார்ச்சில நடைமுறைக்கு வந்தது, அதாவது 25 வருசத்துக்கு மேல பழசு. எட்கா எண்டு புதுசா ஒரு உடன்படிக்கை பேசிக்கொண்டே இருக்கினம், அதுக்காகக் காத்திராதேங்கோ, பழசே எங்களுக்குக் காணும்.

முதல் வேலை, உங்கட சாமானின்ர எச்.எஸ். கோட் என்ன எண்டு பாருங்கோ. உலகம் முழுக்க ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம் இருக்கு, முதல் நாலு இலக்கம்தான் முக்கியம். செத்தல் மிளகாய் 0904, கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் 0909, மஞ்சளும் வெந்தயமும் 0910, கலந்து அரைச்ச கறித்தூளும் 0910. இந்த இலக்கங்களை ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ, பிறகு தேவைப்படும். அடுத்தது அந்தக் கோட் இந்தியாவின்ர எதிர்மறைப் பட்டியலில இருக்கோ எண்டு பாக்கோணும், இருந்தால் சலுகை இல்லை, முழு வரிதான். சில சாமானுக்குச் சலுகையில போகக்கூடிய வருச அளவும் வைச்சிருக்கினம், மிளகுக்கு வருசம் 2,500 தொன், தேயிலைக்கு 15 மில்லியன் கிலோ, உடுப்புக்கு 8 மில்லியன் துண்டு எண்டு. இதை ஏற்றுமதி அபிவிருத்திச் சபையில கேட்டால் சொல்லுவினம், யாழ்ப்பாணத்திலயும் அவைக்கு ஒபிஸ் இருக்கு, தூள் பக்கற்றையும் கையோட கொண்டு போங்கோ, வாயால விளங்கப்படுத்திறதை விட அது சுகம்.

இனி இதில ஆக முக்கியமான விசயத்துக்கு வாறன், 35 சதவீதக் கணக்கு. ஆறுதலா வாசியுங்கோ.

இலங்கையில இருந்து வாற எல்லாத்துக்கும் சலுகை குடுத்தால் வேற நாட்டுச் சாமானைக் கொண்டு வந்து பையை மாத்தி அனுப்புவினம் எல்லோ, அதுக்காகத்தான் இந்த விதி. கப்பலில ஏத்தேக்க இருக்கிற விலையில, அதைத்தான் எஃப்.ஓ.பி. எண்டுறது, குறைஞ்சது 35 சதவீதம் இலங்கையில சேர்ந்த பெறுமதியா இருக்கோணும். ஒரு கிலோ தூள் எஃப்.ஓ.பி. 2,000 ரூபா எண்டு வைப்பம். அதுக்குள்ள இறக்குமதிச் செத்தல் மிளகாய் 600 ரூபாவுக்கும், கொத்தமல்லி 350க்கும், சீரகம், பெருஞ்சீரகம் 250க்கும் போகுது எண்டால் மொத்தம் 1,200. மிச்சம் 800, அது வறுக்கிற ஆக்களின்ர சம்பளம், விறகு, கரண்ட், உள்ளூர்க் கறிவேப்பிலை, பக்கற், உங்கட லாபம். 800ஐ 2,000 ஆல பிரிச்சால் 40 சதவீதம், பாஸ். ஆனா மிளகாய் விலை ஏறி இறக்குமதிச் செலவு 1,400 ஆகிச்சு எண்டு வையுங்கோ, மிச்சம் 600, அது 30 சதவீதம், பெயில்.

இதில ஒரு நல்ல வழி இருக்கு, கனபேருக்குத் தெரியாது. நாங்கள் போடுற மிளகாயும் மல்லியும் இந்தியாவில விளைஞ்சது எண்டு காட்டினால், இலங்கையில சேர்ந்தது 25 சதவீதம் இருந்தாலே காணும், இந்தியப் பங்கையும் சேர்த்து மொத்தம் 35 தாண்டினால் சரி. அப்ப அந்த 30 சதவீதக் காரனும் பாஸ். எங்கட கறித்தூளுக்கு எண்டே ஆரோ யோசிச்சு எழுதின விதி மாதிரி இருக்கு, அங்கத்தை மிளகாய், எங்கட வறுவல்.

ஆனா "காட்டினால்" எண்ட சொல்லிலதான் நான் அடி வாங்கினனான். முதல் தரம் கொழும்பு புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில ஒரு கடையில மிளகாய் எடுத்தன், நல்ல மிளகாய், நல்ல விலை, சாக்கில இந்தியக் கொம்பனியின்ர பேர் சிவப்பு மையில அடிச்சுக் கிடக்கு, பில் எண்டு தந்தது கொப்பித் தாளில பேனையால எழுதின துண்டு. நானும் மடிச்சுச் சேட் பொக்கற்றில வைச்சுக்கொண்டு வந்திட்டன். சலுகைக்கு வேண்டிய மூல நாட்டுச் சேர்டிபிகேற்றுக்கு, அதாவது இது இலங்கைச் சாமான்தான் எண்டு காட்டுற பத்திரத்துக்கு, பேப்பர் குடுக்கப் போனால் இது எந்த நாட்டு மிளகாய் எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேட்டினம், நான் சாக்கின்ர படத்தைக் காட்டுறன், அவை தலையை ஆட்டுகினம். எங்கத்தைச் சாமான் எண்டு காட்ட ஏலாத எதையும் வெளிநாட்டுச் சாமானாத்தான் கணக்கெடுப்பினம், அது விதி, ஆரையும் குறை சொல்ல ஏலாது. அந்த முறை 35 வரேல்ல. முழு வரியோட அனுப்ப அங்க வாங்கிற ஆள் சம்மதிக்கேல்ல, ஒரு மாச வேலை போச்சு, வறுத்த தூளை இஞ்சையே விலை குறைச்சு வித்தன். அதால சொல்லுறன், மிளகாய் வாங்கேக்க கொம்பனிப் பில், அதில திகதி, நிறை, லொட் நம்பர், அதோட அந்த இறக்குமதிக்காரனின்ர கஸ்டம்ஸ் பத்திரத்தின்ர கொப்பி, இவ்வளவும் தாற ஆளிட்ட மட்டும் வாங்குங்கோ. கிலோவுக்கு 20 ரூபா கூடக் கேட்டாலும் பரவாயில்லை. தராதவரிட்ட வீட்டுச் சமையலுக்கு வாங்கலாம், ஏற்றுமதிக்கு வேண்டாம்.

இப்ப அந்தப் பேப்பரில எழுதின நாலு இலக்கங்களை எடுங்கோ. வெளிநாட்டு மூலப்பொருளின்ர நாலு இலக்கமும் முடிஞ்ச சாமானின்ர நாலு இலக்கமும் வேற வேறயா இருக்கோணும் எண்டும் ஒரு விதி இருக்கு. மிளகாய் 0904, தூள் 0910, நல்லது. மல்லி, சீரகம் 0909, நல்லது. மஞ்சள்? அது 0910, தூளும் 0910. வெளிநாட்டு மஞ்சள் கரண்டி அளவு போட்டாலும் அதை வைச்சே கேள்வி வரும். வெந்தயமும் அப்பிடித்தான். இதுக்கு லேசான வழி உள்ளூர் மஞ்சள் போடுறது, 2020ல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டின பிறகு இஞ்ச கனபேர் நடத் தொடங்கினவை, விவசாயியிட்ட நேர வாங்கி அவரின்ர கையெழுத்தோட ஒரு பற்றுச்சீட்டு எடுங்கோ. வெந்தயத்துக்கு என்ன செய்யலாம் எண்டதை வர்த்தகத் திணைக்களத்தில முதலே கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ, செய்து போட்டுக் கேக்காதேங்கோ. இன்னொண்டு, சும்மா கலக்கிறதும் பை மாத்திறதும் உற்பத்தி எண்டு எடுபடாது. நாங்கள் வறுக்கிறம், இடிக்கிறம், அரிக்கிறம், அதுதான் யாழ்ப்பாணத் தூளின்ர கறுப்புச் சிவப்பு நிறமே, ஆனா அதை எழுத்தில காட்டோணும். எந்த நாள், எத்தனை கிலோ பச்சையா உள்ள போச்சு, வறுத்து எத்தனை வந்தது எண்டு ஒரு கொப்பியில நாளாந்தம் எழுதுங்கோ.

ஏன் இவ்வளவு கண்டிப்பு எண்டு கேப்பியள். பழைய கதை ஒண்டு இருக்கு. உடன்படிக்கை வந்த கொஞ்ச வருசத்தில வனஸ்பதி எண்ட மரக்கறி நெய் பாக்டரிகள் இஞ்ச முளைச்சது, பாம் ஒயிலை வெளியில இருந்து குறைஞ்ச வரியில இறக்கி, வனஸ்பதி ஆக்கி இந்தியாவுக்கு வரியில்லாமல் அனுப்பினவை. இந்தியா பேந்து அளவு வைச்சது, பாம் ஒயில் வரியையும் குறைச்சது, இஞ்ச பாக்டரிகள் மூடுப்பட்டது. மிளகிலும் அதே மாதிரி, வியட்நாம் மிளகு இலங்கை மிளகு எண்ட பேரில வருகுது எண்டு கேரளா, கர்நாடகா விவசாயிகள் சத்தம் போட, 2017 டிசம்பரில கிலோவுக்கு 500 இந்திய ரூபாவுக்குக் குறைஞ்ச மிளகு வரக்கூடாது எண்டு போட்டினம். மாத்தளையில ஒழுங்கா மிளகு காய வைச்சு அனுப்பின விவசாயிக்கும் அந்த அடி விழுந்தது, அதுதான் எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாமல் இருக்கு. அங்க ஒரு அறிவித்தல் வந்தால் இஞ்ச ஒரு தொழில் படுக்கும், அவ்வளவு பெரிய சந்தை அது. அதால உங்கட விலைக்கணக்கை ரண்டு தரம் போடுங்கோ, வரிச்சலுகையோட ஒருக்கா, சலுகை இல்லாமல் ஒருக்கா. சலுகை இல்லாட்டி ஒரு சதமும் மிஞ்சாது எண்டால் அந்த வியாபாரத்துக்கு வங்கிக் கடன் எடுக்க வேண்டாம்.

பதிவு வேலைகள் பெரிய கஷ்டம் இல்லை. வியாபாரப் பதிவு, ரின் எண்ட வரி நம்பர், கஸ்டம்ஸ் பதிவு, வங்கிக் கணக்கு, ஏற்றுமதி அபிவிருத்திச் சபைப் பதிவு. கஸ்டம்ஸ் பத்திரத்தை ஒரு நல்ல வாஃப் கிளார்க், அதாவது துறைமுகத்தில கஸ்டம்ஸ் வேலை பாக்கிற ஆள், பாப்பார். உடன்படிக்கைச் சலுகைக்கான மூல நாட்டுச் சான்றிதழ் கொழும்பில வர்த்தகத் திணைக்களம் தாறது, செலவுக் கணக்கு, பில்கள் எல்லாத்தையும் முதலே குடுத்து ஒப்புதல் எடுத்து வைச்சால் ஏத்துற கிழமை ஓடித்திரிய வேண்டி வராது. முழு மிளகு, விதை மாதிரிச் சாமானுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேணும், அதோட இந்தியாவில வாங்கிறவர் இறக்குமதி அனுமதி எடுக்கோணுமோ எண்டதையும் முதலே கேட்டு வையுங்கோ.

அங்க வாங்கிற ஆளைப் பற்றியும் சொல்லோணும். அவரிட்ட ஐ.இ.சி. எண்ட இந்திய இறக்குமதி-ஏற்றுமதி நம்பரும், இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின்ர இறக்குமதி லைசென்சும் இருக்கோணும். ரண்டின்ர கொப்பியும் வராமல் ஒரு கிலோவும் அனுப்பாதேங்கோ, அவர் சொந்த மச்சானா இருந்தாலும் சரி. சுங்க வரி சலுகையில போனாலும் ஜி.எஸ்.டி. இருக்கு, அது அவர் கட்டுறது, ஆனா அவர் உங்களிட்ட விலை பேசேக்க அதையும் நினைச்சுத்தான் பேசுவார்.

லேபிளில எங்கட ஆக்கள் விடுற பிழை ஒண்டு இருக்கு. தமிழ்நாட்டுக்குத்தானே போகுது எண்டு வடிவாத் தமிழில மட்டும் அடிச்சுப் போட்டு நிக்கினம். இந்திய விதிப்படி இங்கிலீசோ இந்தியோ கட்டாயம், தமிழ் மேலதிகமா இருக்கலாம். பேர், என்னென்ன சேர்ந்திருக்கு, நிறை, பட்ச் நம்பர், செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின்ர விலாசம், இலங்கைத் தயாரிப்பு எண்டது, இவ்வளவும் இஞ்ச இருந்து போகேக்கையே பக்கற்றில அடிச்சிருக்கோணும், அங்க போய் ஒட்ட விடமாட்டினம். சைவச் சாமான் எண்டதுக்கான பச்சைச் சதுரத்துக்குள்ள பச்சைப் புள்ளி, இறக்குமதிக்காரரின்ர பேர், விலாசம், லைசென்ஸ் நம்பர், இதுகளை அங்க கஸ்டம்ஸ் குடோனில வைச்சு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனா அதுக்கும் கூலி, நாள் எல்லாம் போகும், ஏலுமெண்டால் இஞ்சையே அடியுங்கோ. திகதியிலயும் கவனம், அங்க க்ளியர் பண்ணேக்க முடிவுத் திகதிக்கு 3 மாசமாவது இருக்கிற மாதிரிப் பாருங்கோ. வறுத்து ரண்டு மாசம் வீட்டில வைச்சிட்டு அனுப்பிற பழக்கம் அதால சரிவராது, ஓடர் உறுதியான பிறகுதான் அடுப்பு மூட்டோணும்.

சின்ன அளவெண்டால் தனிக் கொண்டெய்னர் எடுக்கத் தேவையில்லை, மற்றவையின்ர சாமானோட சேர்த்து அனுப்பலாம். தூள் ஈரம் பிடிக்கும், பக்கத்தில கருவாட்டுப் பெட்டி இருந்தால் மணமும் பிடிக்கும், உள்ளுக்கு ஒரு பொலித்தீன் உறை கட்டாயம். கப்பல் இடையில வேற நாட்டில இறக்கி ஏத்தாமல் நேர இந்தியாவுக்குப் போறதா இருக்கோணும், நேரடி அனுப்புகையும் சலுகைக்கான நிபந்தனைதான். காசு விசயத்தில முதல் ஓடருக்கு அரைவாசியாவது முற்பணம் வாங்குங்கோ. டொலரிலயும் வாங்கலாம், இந்திய ரூபாவிலயும் செய்ய இப்ப ஏற்பாடு இருக்கு, எது வசதி எண்டு உங்கட வங்கியில கதைச்சு முடிவெடுங்கோ. எப்பிடி வந்தாலும் வங்கிக்குள்ளால வரோணும், சொந்தக்காரரின்ர கையில குடுத்து விடுறது ஏற்றுமதிக் கணக்கில ஏறாது.

சாமான் போய்ச் சேர்ந்தாலும் பைலை மூடாதேங்கோ. 2020 செப்டெம்பரில இருந்து இந்தியாவில கரோட்டர் எண்டு ஒரு விதி இருக்கு, சலுகை கேக்கிற இறக்குமதிக்காரர் இந்தச் சாமான் உண்மையா அந்த நாட்டில எப்பிடி உருவானது எண்ட விபரத்தைத் தன்ர கையில வைச்சிருக்கோணும், 5 வருசத்துக்கு. அவருக்கு அந்த விபரம் எங்க இருந்து வரும், உங்களிட்ட இருந்துதான். அதால ஒவ்வொரு பட்சுக்கும் ஒரு பைல் வையுங்கோ, மிளகாய் பில், கஸ்டம்ஸ் கொப்பி, மஞ்சள் பற்றுச்சீட்டு, வறுத்த நாள் எழுதின பக்கத்தின்ர போட்டோக் கொப்பி. அதோட அந்தப் பட்சில இருந்தே ஒரு பக்கற் உடைக்காமல் எடுத்து, பைல் நம்பரை மேல எழுதி, ஈரமில்லாத அலுமாரியில வையுங்கோ. அங்க இருந்து "நிறம் வேற மாதிரி இருக்கு" எண்டு கோல் வாற அண்டைக்கு அந்தப் பக்கற்றைத்தான் முதல் திறப்பியள்.