நுவரெலியா என்று போட்டிருந்தால் நுவரெலியாவா? மலிவு விடுதிச் சலுகைகளில் செய்யக்கூடாத தவறுகள்

என் வீடு நானுஓயா ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில். விடுமுறைக் காலத்தில் ரயில் வந்து நின்றால், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு "இதுதானே நுவரெலியா?" என்று கேட்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். இல்லை. நுவரெலியா நகரத்துக்கு இன்னும் எட்டுக் கிலோமீற்றர் மேலே ஏற வேண்டும். ஒரு காலத்தில் இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை குறும்பாதை ரயில் ஒன்று ஓடியது. அதை மூடி எத்தனையோ வருடங்களாகிவிட்டன. இலவச வழிகாட்டிகள் மட்டும் இன்னும் "ரயிலில் நுவரெலியாவுக்கு" என்றே எழுதிக்கொண்டிருக்கின்றன.

போன ஆகஸ்டில் வத்தளையிலிருந்து சின்னம்மா குடும்பம் வந்தது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு மலிவு விடுதியில் "நுவரெலியா, 40 வீதக் கழிவு" என்று பேஸ்புக்கில் பார்த்து, முற்பணமும் கட்டிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்கள். ஓட்டோக்காரரிடம் விடுதியின் பெயரைச் சொன்னதும் அவர் சிரித்தாராம். "அக்கா, அது கந்தப்பளையையும் தாண்டிப் போகணும்." நகரத்திலிருந்து 15 கிலோமீற்றர். மூன்று நாளும் ஏரிக்கும் பூங்காவுக்கும் கடைக்கும் போய்வந்த ஓட்டோக் கூலி அந்த 40 வீதத்தையும் விழுங்கி, மேலும் கொஞ்சம் கேட்டது.

விடுதிக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. நுவரெலியா என்பது நகரத்தின் பெயர் மட்டுமல்ல, மாவட்டத்தின் பெயரும் அதுதான். ஹட்டனும் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியும்கூட அதே மாவட்டம். எல்ல, கண்டி கதையும் இப்படித்தான். தெமோதரையில் இருக்கும் விடுதியும் விளம்பரத்தில் எல்ல ஆகிவிடும். அதனால் ஊர்ப் பெயரை நம்பி முற்பணம் கட்டாதீர்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று கேளுங்கள். வான் வாசல்வரை வருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். மலையில் பல விடுதிகளுக்குக் கடைசி அரைக் கிலோமீற்றர் செங்குத்தான கொங்கிரீட் பாதை. வான் கீழேயே நின்றுவிடும். அம்மம்மாவையும் பெட்டிகளையும் தனி ஓட்டோவில் ஏற்ற வேண்டி வரும்.

விலைக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டல் குறி

அறை 10,000 ரூபா என்று போட்டு, பின்னால் இரண்டு சின்னக் கூட்டல் குறி இருக்கும். பலர் அதை அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். ஒரு கூட்டல் சேவைக் கட்டணம், மற்றது வரி. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள விடுதியில் 10 வீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 11,000 ஆகும். அதன்மேல் 18 வீத வற் விழுந்தால் 12,980. (2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 வீதமானது. பழைய கணக்கை மனதில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.) "எல்லாம் சேர்த்துக் கையால் எவ்வளவு கட்டணும்?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது, விலை அறைக்கா ஆளுக்கா என்பது. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்த ஹாஃப் போர்ட் சலுகைகள் பெரும்பாலும் ஆளுக்குத்தான். அதுவும் இருவர் ஒரே அறையைப் பகிர்ந்தால்தான் அந்த விலை. பிள்ளைகளுக்கு எந்த வயதிலிருந்து கணக்கு என்பது விடுதிக்கு விடுதி மாறும். மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடாதவர்கள் முதலே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சோறும் பருப்பும் மட்டும் தட்டில் வரும், காசு முழுதாகப் போகும்.

வங்கி அட்டைக் கழிவுகளையும் சிறிய எழுத்துவரை படியுங்கள். வார நாட்களுக்கு மட்டும், நீண்ட வார இறுதி நீங்கலாக, போயா (பௌர்ணமி விடுமுறை) நீங்கலாக, ஏப்ரல் நீங்கலாக என்று தள்ளிக்கொண்டே போனால், வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் மிஞ்சும் நாள் விரல்விட்டு எண்ணக்கூடியது. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டத்தில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக நிரம்பி வழியும். அறையைத் தேடி ஆள் வரும்போது எந்த விடுதிக்காரர் கழிவு கொடுப்பார்?

இன்னொன்று நம் ஆட்களுக்கே உரியது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு உள்நாட்டவர் சலுகையில் போய் நிற்போம். வரவேற்பு மேசையில் எல்லோருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். மாமாவிடம் இருப்பதோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. அந்த அறையின் விலையே மாறிவிடலாம். ஹோர்ட்டன் சமவெளி நுழைவாயிலிலும் அப்படித்தான், வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. வந்த இடத்தில் மாமாவுக்கு முன்னால் சண்டை பிடிப்பதைவிட முதலே கேட்டுவிடலாம்.

மலைக்கு இரண்டு முதுகு

மலையகத்துக்குப் போக நல்ல மாதம் எது என்று இலவச வழிகாட்டிகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். இந்த மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி, நானுஓயா என்று எங்களை நனைத்தெடுக்கும். மழையை இந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, அதே காற்று வெறும் காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும். ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை அப்போது காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசம் அந்த வறட்டுக் காற்றுக் காலத்தில்தான் ஏறுகிறது. ஒக்டோபர் வந்ததும் கதை திரும்பும். இடைப்பருவ மழையில் தொடங்கி வடகீழ் பருவக்காற்றோடு ஜனவரி வரை ஊவாப் பக்கம் நனையும்.

ஆகவே ஆகஸ்டில் நுவரெலியா அறை மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணத்தை வானத்தில் தேடுங்கள். சின்னம்மாவின் பிள்ளைகள் மூன்று நாளில் ஒன்றரை நாள் யன்னலில் மூக்கை வைத்து மழை பார்த்தார்கள். அதே பணத்துக்கு, அதே ரயிலில் இன்னும் இரண்டரை மூன்று மணிநேரம் இருந்திருந்தால் எல்லயில் வெயிலில் நடந்திருக்கலாம். ரயிலில் பதிவுசெய்த இருக்கை வேண்டுமானால் 30 நாளுக்கு முன்னரே பதிவு திறக்கிறது. விடுதியைப் பிடித்துவிட்டு ரயிலைத் தேடாமல், ரயிலைப் பிடித்துவிட்டு விடுதியைத் தேடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவினால் பாதை தடைப்படுவதும் புதினமல்ல. அதனால் திகதி மாற்ற முடியாத, பணம் திருப்பித் தராத சலுகையை அந்த மாதங்களில் நான் தொடவே மாட்டேன்.

நல்லதண்ணி அறைகளில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. அதற்குப் பிறகு அறை பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் படிகளில் மின்விளக்கு இராது, வழிநெடுக இருந்த தேநீர்க் கடைகள் இரா, மழையும் அட்டைப்பூச்சியும் தாராளமாக இருக்கும். 2,243 மீற்றர் மலை, 5,000க்கு மேற்பட்ட படி, கும்மிருட்டு. மலிவைப் பார்த்து பாட்டி தாத்தாவோடு கிளம்பி வந்து, அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

இலவச வழிகாட்டி ஆளா, புத்தகமா?

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். "அறையுடன் இலவச வழிகாட்டி" என்று படித்தவர் காலையில் ஆள் வருவார் என்று சப்பாத்தைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, விடுதிக்காரர் மடிப்புத்தாள் ஒன்றை நீட்டுவார். ஆளாகவே இருந்தாலும், உல்லாசப் பயண அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை கழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இல்லாத "இலவச" நண்பர் உங்களை அழைத்துப்போகும் தேயிலைக் கடையும் வாசனைத் திரவியத் தோட்டமும் அவருக்குத் தரகு கொடுக்கும் இடங்களாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மடிப்புத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைபடம் உதவும். படங்களை மட்டும் நம்பாதீர்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு, ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கத்தின் வழியே மின்நிலையத்துக்குப் போகிறது. பழைய படத்தில் இருக்கும் அகலத்தில் சென் கிளேயர் அருவியை எல்லா நாளும் பார்க்க முடியாது.

ஹோர்ட்டன் சமவெளிக்கு "காலை உணவுக்குப் பின் புறப்படலாம்" என்று எழுதியிருந்தால், எழுதியவர் அங்கே போனதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் அங்குள்ள 'உலக முடிவு' என்ற பாறை விளிம்பில் மூடுபனி ஏறிவிடும். 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம் வெறும் வெள்ளைத் திரையாகத் தெரியும். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கு முன் கிளம்பினால்தான் சரி. அப்படியானால் நீங்கள் காசு கட்டிய காலைச் சாப்பாடு? முதல் இரவே சொல்லி, பொதியாகக் கட்டித் தரக் கேளுங்கள். பொலித்தீனில் சுற்ற விடாதீர்கள், வாசலில் பிரித்து எடுத்துவிடுவார்கள். வாழையிலை அல்லது டப்பா.

சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் வரைபடத்தில் குறுகிய கோட்டைப் பார்த்து ரதெல்லக் குறுக்குப் பாதையில் இறங்கவேண்டாம். 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று அங்கே வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் அந்த வளைவைக் கடக்கும்போது பேச்சு நின்றுவிடும். சில நிமிடங்கள் கூடினாலும் பிரதான வீதி போதும்.

"கொழுந்து பறிக்கும் பெண்களுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி ஏறக்குறைய எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. என் அம்மா கொழுந்தெடுத்தவர் என்பதால் இதைச் சும்மா விட முடியவில்லை. குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நீங்கள் நாலு கோணத்தில் படம் எடுக்கும் இருபது நிமிடம் அந்தக் கூடையில் குறையும். கேட்காமல் மலைக்குள் இறங்கவும் வேண்டாம், அது தோட்டத்துக்குச் சொந்தமான இடம். வீதியோரத்தில் நின்று எடுங்கள். இல்லை, அவர்கள் தேநீர் குடிக்கும் நேரத்தில் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள், தமிழில்தான் பதில் வரும். எந்த வழியில் அட்டைப்பூச்சி அதிகம், எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்பதெல்லாம் மடிப்புத்தாளில் இராது.

பணம் கட்டும்போது

முற்பணத்தைத் தனியாள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னால் நின்று யோசியுங்கள். விளம்பரப் பக்கத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, விடுதியின் நிலையான தொலைபேசிக்கு எடுத்து ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். சலுகை விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருங்கள், போகும் நாளில் அது மாறியிருக்கலாம். அறை ஹீட்டர், மேலதிகக் கம்பளி, விறகடுப்பு இவற்றுக்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுவதுண்டு, அப்போது எந்த விலை சொன்னாலும் கொடுத்துவிடுவீர்கள். சொன்ன விலைக்கு மேல் பில் வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, சுற்றுலா தொடர்பான முறைப்பாட்டுக்கு 1912.

சின்னம்மா ஏப்ரலில் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன கிழமை தொலைபேசியில் புதிய சலுகை ஒன்றை அனுப்பி, சரியா பார் என்றார். கீழே சிறிய எழுத்தில் இருந்த "ஏப்ரல் மாதம் நீங்கலாக" என்பதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப உன் வீட்டுலயே தங்கிக்கிறோம்டா" என்றார்.