படுக்கையறையில் காற்று அடைபட்டால் தூக்கமும் கெடும்

பழைய ஓட்டு வீட்டில் ஓட்டிடுக்கு வழியாகவே அறைக்காற்று மாறிக்கொண்டிருக்கும். கான்கிரீட் தளமும் இறுக மூடும் சறுக்கு ஜன்னலும் வந்தபின் அந்த வழி போயிற்று. எட்டு மணி நேரம் தூங்கியும் தலை கனத்து எழுந்தால் முதலில் அறைக்காற்றைச் சந்தேகியுங்கள்.

தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். பத்தடி நீளம், அகலம், உயரமுள்ள அறையில் இருப்பது 28,000 லிட்டர் காற்று. இருவர் படுத்து, எங்கும் கசிவே இல்லையென்றால் அறையில் அந்த வாயு மணிக்கு 850 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 850 பங்கு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 அளவுதான். இரண்டு மணி நேரத்தில் உள்ளே 2,000 தாண்டிவிடும். 2016இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், விடுதி அறைகளில் ஏறக்குறைய 2,400 பிபிஎம் இருந்ததை 850க்குக் கீழே இறக்கியபோது மாணவர்களின் தூக்கம் மேம்பட்டது, மறுநாள் சிந்தனைச் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள்.

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே மாட்டிய பெட்டி வெப்பத்தை மட்டும் தள்ளுகிறது. அறைக்குள் சுற்றுவது அதே காற்று. ஆகவே படுக்குமுன் கதவையும் ஜன்னலையும் 15 நிமிடம் திறந்துவையுங்கள். பிறகு கதவடியில் 2 செ.மீ. இடைவெளி, எதிர்ப்பக்க ஜன்னலில் ஓரங்குலத் திறப்பு இருக்கட்டும். ஏசியை 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் கரண்ட் பில் பெரிதாக ஏறாது. ஏசி இல்லாத வீட்டில், தெர்மாகோல் வைத்து அடைத்த வென்டிலேட்டரைத் திறந்து வலை அடித்தாலே பாதி வேலை முடிந்தது. வலையில் தூசி படிந்தால் காற்று நின்றுவிடும். மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

குமரி மாவட்டத்தில் பெரிய தொல்லை ஈரம். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. கொடி கட்டி அறைக்குள் ஒரு வாளித் துணி உலர்த்தினால் லிட்டர் கணக்கில் நீர் காற்றில் கலக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் மெத்தையில் தூசிப்பேன் பெருகும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். மூக்கடைப்பும் இளைப்பும் தூக்கத்தைக் கலைக்கும். சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிவையுங்கள். மழை கொட்டும்போது வெளியிலும் ஈரம்தான் என்பதால் நாள் முழுதும் ஜன்னலைத் திறந்துவைத்துப் பயனில்லை. அப்போது ஈரத்தை வாங்கும் ஏசியின் ட்ரை மோடு உதவும். ஆனால் நூறு சதுர அடிக்கு ஒன்றரை டன் என்று தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டிருந்தால், ஈரம் வாங்குமுன்பே அறை குளிர்ந்து ஏசி நின்றுவிடும்.

பீரோவை வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிவையுங்கள். பின்புறம் பூஞ்சை இருந்தால் முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் திரும்ப வரும். துடைத்தும் அதே இடத்தில் வந்தால் மாடித்தளத்தில் விரிசலோ சுவருக்குள் குழாய்க் கசிவோ இருக்கும், அதைப் பாருங்கள்.

கொசுவத்திச் சுருளைப் படுக்கையறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. கட்டிலுக்குக் கொசுவலையே போதும்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்கள் ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலக் கேனைப் படுக்கையறைக்குள் வைக்க வேண்டாம். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையைப் புதிதாகக் கட்டுவதானால், படுக்கையறை ஜன்னலுக்குக் காற்று வரும் திசையைத் தவிர்த்துக் கட்டுங்கள்.