மலைக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே: தென்காசி, அம்பை (அம்பாசமுத்திரம்) பக்கம் சைக்கிளில் சுற்ற

லீவுக்கு ஊருக்கு வருகிறவர்களில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இப்போது நிறையப் பேர். வந்து இறங்கியதும் திருநெல்வேலி–தென்காசி நான்குவழிச் சாலையைப் பார்ப்பார்கள். அடுத்து செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்குள் போகும் சாலையைப் பார்ப்பார்கள். "இதுல எப்படிப்பா சைக்கிள் ஓட்ட?" என்று அந்த எண்ணத்தையே விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு சாலையைப் பொறுத்தவரை அவர்கள் நினைப்பது சரிதான். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்கு வரிசைகட்டிப் போகும். கார்த்திகை பிறந்துவிட்டால் தை முதல் வாரம் வரை ஐயப்பன் வேன்களும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில், வடக்கே பண்பொழியில் இருந்து தெற்கே மணிமுத்தாறு வரை, சின்னச் சின்ன ஊர்ச்சாலைகள் ஏராளம். குளத்துக்குக் குளம், ஊருக்கு ஊர் போட்ட சாலைகள் இவை. தாமிரபரணிக் கால்வாய்களை ஒட்டிப் போகிற இடங்களில் ஏற்ற இறக்கமே தெரியாது. வாய்க்கால் தண்ணீர் போகிற வாட்டத்தில்தான் சாலையும் போகும். கிழக்கே மெயின் ரோட்டுக்கும் போகாமல், மேற்கே காட்டுக்குள்ளும் நுழையாமல் இந்த நடுப்பட்டையில் சுற்றுகிறவருக்குப் பெரும்பாலும் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் பைக்கும்தான் துணை.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பது முக்கியம். என்னைக் கேட்டால் ஜனவரியும் பிப்ரவரியும்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளமெல்லாம் நிறைந்து கிடக்கும், பிசானப் பருவ நெல் விளைந்து நிற்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. பள்ளி விடுமுறைக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்கிற கனடா, ஐரோப்பாக்காரர்களும் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் மற்ற பக்கம் காய்கிறபோது இங்கே குற்றாலச் சாரல் தூறிக்கொண்டிருக்கும். தொல்லை காற்றுதான். ஆரியங்காவு கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று (மேற்குக் காற்று), இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, பகல் ஏற ஏற வலுக்கும். அதனால் காலையில் மலையைப் பார்த்து மேற்கே போய்விட்டு, காற்று கிளம்பியதும் அதை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்புங்கள். மாற்றிச் செய்தால் வீடு வந்து சேர்வதற்குள் தொடை விட்டுப்போகும். ஏப்ரல், மே மாதத்தில் 9 மணிக்கு மேல் சைக்கிளைத் தொடாதீர்கள்.

சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறவர்களுக்கு முதல் சில நாள் விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். உடனே கிளம்பிவிட வேண்டாம். கடையம், பாபநாசம், மணிமுத்தாறு ஓரங்களில் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வந்துபோவது அடிக்கடி செய்தியாகிற விஷயம். மேக்கரை, வடகரைப் பக்கம் தென்னந்தோப்புக்கு யானை வரும். நன்றாக வெளுத்து, பால்காரர் பைக் ஓடத் தொடங்கிய பிறகு புறப்படுங்கள். மாலையில் இருட்டுவதற்குள் அடிவாரத்தை விட்டு வந்துவிடுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு வனச் சோதனைச்சாவடிகளுக்கு மேலே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். காரையாறு, மாஞ்சோலை எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. அங்கே சைக்கிளில் போகிற யோசனையே வேண்டாம். வேண்டுமானால் வனத்துறை அனுமதியோடு வண்டியில் போய் வாருங்கள்.

எங்கே ஓட்டலாம்? ஆழ்வார்குறிச்சியில் இருந்து சிவசைலம் போகும் சாலையைத்தான் நான் முதலில் சொல்வேன். தூரம் கொஞ்சம்தான். கடனா நதிப் பாசன வயல்கள், கண்ணுக்கு நேரே மலை. ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் தெருவில் போகும்போது கவனித்துப் பாருங்கள்: பெண்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து, மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். வழி கேட்க இவர்களை விட நல்ல ஆள் இல்லை. வழியோடு "எந்தூரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற விசாரணையும் சேர்ந்தே வரும், ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடையத்துக்கு மேற்கே மலையடியில் நித்திய கல்யாணி அம்மன் கோயில் இருக்கிறது. பாரதி புதுச்சேரியை விட்டு வந்து 1918 முதல் 1920 வரை மனைவி செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்தில்தான் இருந்தார்.

தெற்கே கல்லிடைக்குறிச்சியில் இருந்து மணிமுத்தாறு அணைக்குப் போகும் வழி நல்லது. அதே ஊரிலிருந்து கன்னடியன் கால்வாயை ஒட்டி வீரவநல்லூர், சேரன்மகாதேவிப் பக்கம் போகும் ஊர்ச்சாலைகள் அதைவிட நல்லவை. முழுக்கச் சமதளம், வாழையும் நெல்லும். சேரன்மகாதேவி தாண்டினால் பாய்க்குப் பேர்போன பத்தமடை. வடக்கே செங்கோட்டை–பண்பொழி–மேக்கரை வழி. கூட வருகிறவர் கால் பலத்தைக் காட்ட ஆசைப்பட்டால் பண்பொழி திருமலைக்கோயில் மலைச்சாலையில் ஏற்றிவிடுங்கள், பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்கு, பூக்கிற பருவத்தில், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வயலை விடக் காரும் கேமராவும்தான் அதிகம் தெரியும். குற்றாலம் சீசனில் இலஞ்சி, குற்றாலம் சாலைகளும் அப்படியே. ஆடி அமாவாசையை ஒட்டிப் பாபநாசம் சாலையையும் விட்டுவிடுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஜனம் மொத்தமும் அந்த வழியாகத்தான் போகும்.

வெளிநாட்டுச் சாலையில் பழகியவருக்கு இங்கே புதிதாக வரும் ஆபத்து லாரி அல்ல, அறுவடை. நெல், உளுந்து, எள் எல்லாம் தார்ச்சாலையில்தான் காயும். செடியோடும் கதிரோடும் பரப்பியிருந்தால் வண்டி ஏறி மிதித்துப் போகட்டும் என்று போட்டது. கார் ஏறலாம், நீங்கள் ஏறாதீர்கள். வைக்கோல் கியர் பல்லில் சுற்றிக்கொண்டால் நடுரோட்டில் உட்கார்ந்து கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். மணியாகப் பரப்பியிருந்தால் யாருமே ஏறக் கூடாது. மெல்லிய டயர் அதில் வழுக்கும், காவலுக்கு இருக்கும் அம்மாவின் வாயிலும் விழ வேண்டியிருக்கும். ஓரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஊர் முகப்பில் வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகளும் உண்டு. மர நிழலில் அவை கண்ணுக்கே தெரியாது. ஹாரன் அடித்தால் கோபப்படாதீர்கள், "பின்னால வாறேன்" என்பதுதான் அதற்குப் பொருள்.

இனி சைக்கிள். முன்போல மணி வாடகைக்குச் சைக்கிள் கிடைப்பது அபூர்வம். ஒரு மாதம் தங்குகிறவர் திருநெல்வேலியில் சாதாரணக் கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, போகும்போது சொந்தத்தில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதே லாபம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் ஊரெங்கும் ஓடுவதால் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் ரோடு பைக்கில் காற்றடிக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வைப் பார்த்தால் கடைக்கார அண்ணாச்சி கையை விரித்துவிடுவார். அந்த வால்வுக்கான அடாப்டர், உங்கள் அளவு டியூப் இரண்டு, கைப்பம்பு எல்லாம் கொண்டு வந்துவிடுங்கள். டயர் அகலமாக இருக்கட்டும், 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல். குளத்தங்கரை நெடுக உடைமரம். அதன் முள் செருப்பையே துளைக்கும்.

உடை விஷயத்தில் ஒன்று. ஒட்டிப் பிடிக்கும் சைக்கிள் டவுசருக்கு மேல் தொளதொளவென ஒரு அரைக்கால் சட்டையும், பையில் ஒரு வேட்டியோ துண்டோ இருந்தால் டீக்கடை, கோயில், பெரியம்மா வீடு எங்கும் கூச்சமில்லாமல் நுழையலாம். பெண்கள் ஓட்டுவது இங்கே அதிசயமில்லை, காலை எட்டரை மணிக்கு எந்த ஊர்ச்சாலையும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் சைக்கிளால் நிறைந்துவிடும். வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். இளநீர் கிடைக்கும், பங்குனிக்கு மேல் பதநீரும் நுங்கும் வரும். காலை டீக்கடையில் ஆமவடை சூடாக இருக்கும்போதே போய்விடுங்கள். செங்கோட்டைப் பக்கம் போனால் பழம்பொரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ஆம்புலன்சுக்கு 108.

வெளிநாட்டிலிருந்தே சைக்கிளைப் பெட்டியில் கொண்டு வருகிறவருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம் வசதி. அங்கிருந்து செங்கோட்டை ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பெட்டி வைக்க மேலே கேரியர் உள்ள கார் சொல்லி வையுங்கள். சென்னையில் இறங்கினால் செங்கோட்டை வரை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில். சைக்கிளைப் பார்சல் ஆபீஸில் லக்கேஜாகப் பதிய வேண்டும், அதனால் ரயில் புறப்படுவதற்கு நிறைய முன்னதாகவே போங்கள். ரசீதைச் செங்கோட்டைக்கே போடச் சொல்லுங்கள். நடுவில் உள்ள ஸ்டேஷன்களில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் பார்சல் பெட்டியைத் திறந்து இறக்குவது பெரும்பாடு. கடைசி ஸ்டேஷனில் அந்தப் பதற்றம் இல்லை.