பெயின்டுக்கு முன் தகரம்: பழைய பத்மினியில் மறைந்திருக்கும் துருவைச் சரிசெய்யும் முறை

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் வாசலில் நிற்கும் பிரீமியர் பத்மினி கார், என் அப்பா வாங்கிய வண்டி. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு முழு பெயின்ட் அடித்து வாங்கி வந்தபோது கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பின்சக்கர வளைவின் மேல் மிளகளவு கொப்புளங்கள் கிளம்பிவிட்டன. ஒன்றை நகத்தால் அழுத்தினேன். தோல் உரிந்து, பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. பெயின்டில் குறை இல்லை, அடியில் இருந்த தகரம் ஏற்கெனவே அழுகிப்போயிருந்தது. இரண்டாம் முறை வண்டியை முழுக்கப் பிரித்து வேலை செய்தபோது நான் கற்றுக்கொண்டவற்றை, பழைய வண்டிக்கு நிறம் அடிக்க நினைப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குர்லா தொழிற்சாலையில் உருவான பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது. பாடியே சட்டமாக நின்று எடையைத் தாங்குகிறது. அம்பாசடரும் அப்படித்தான். ஆகவே இவ்வண்டிகளில் துரு என்பது வெறும் அழகுக் குறை அன்று. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பாகம், அதாவது மெக்கானிக்குகள் ரன்னிங் போர்டு என்று சொல்வது, உள்ளுக்குள் அரித்துவிட்டால் வண்டியின் நடு இடுப்பே தளர்ந்துவிடும். திறந்த கதவை மூடும்போது சற்றே தூக்கி அடைக்க வேண்டியிருந்தால், கதவின் கீலை மட்டும் பார்க்காமல் அந்தப் பாகத்தையும் தூணின் அடியையும் சந்தேகியுங்கள். கடற்காற்றின் உப்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தெருவில் தேங்கும் தண்ணீரும் மும்பை வண்டிகளை அடியிலிருந்துதான் தின்னத் தொடங்குகின்றன.

பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முழு நாளைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தகரத்துக்கு மேல் தடிமனான பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை, இருக்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், பட்டி போட்ட இடம் மந்தமாகத் தட்டும். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. 1,000 மைக்ரானைத் தாண்டும் இடத்தில் பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். மாலையில் டியூப்லைட்டின் பிரதிபலிப்பைப் பக்கவாட்டில் ஓடவிட்டுப் பார்த்தால், பழைய ஒடுக்குகள் அலைபோல் தெரியும்.

ஆனால் வெளிப்புறச் சோதனை பாதிதான். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு ரூபாய் அளவில் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும். எனவே சீட், தரைவிரிப்பு, டோர் பேட், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டிக்கியின் தரை, ஸ்டெப்னி உட்காரும் குழி, பேட்டரித் தட்டு, ஜாக்கி வைக்கும் இடம், மட்கார்டின் உள்மடிப்பு, முன்கண்ணாடியின் கீழ்மூலைகள் ஆகிய இடங்களை ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகரம் முனையைத் தடுக்கும். கெட்டது அப்பளம்போல் நொறுங்கும். ஓட்டை விழுந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். விழும் ஓட்டை ஏற்கெனவே அங்கு இருந்ததுதான்.

எங்கள் வண்டியின் இடதுபக்க ரன்னிங் போர்டை அறுத்துத் திறந்தபோது, உள்ளே ஈரம் காயாத கோணிச் சாக்குத் துண்டு ஒன்று சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் பட்டி பூசி, பட்டியின்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தாராவியில் வேலை செய்யும், திருநெல்வேலியைச் சேர்ந்த டிங்கர் அதை இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, “அண்ணே, இது தண்ணிய உறிஞ்சி வச்சு நாலு வருஷமா தகரத்துக்கு ஊட்டிக்கிட்டு இருந்திருக்கு” என்றார். பட்டி பார்ப்பது என்ற வார்த்தையே குறையை மூடி மறைப்பதற்கு ஒரு வழக்காகிவிட்டதற்குக் காரணம் இத்தகைய வேலைதான். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஓட்டையை அடைக்க அது உதவாது. நல்ல தகரத்தின்மேல் 2, 3 மில்லிமீட்டர் மேடுபள்ளத்தைச் சமன்செய்வதே அதன் வேலை.

பழைய பெயின்டை உரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. அதில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த தூள் பறக்கவிடாதீர்கள், தகுந்த முகக்கவசம் அணியுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். முழு வண்டியையும் ஒரே நாளில் வெறும் தகரமாக்கிவிடாதீர்கள். மும்பையின் ஈரப்பதத்தில் வெறும் தகரம் ஒரே இரவில் செம்பழுப்பாகிவிடும். ஒரு பாகத்தை உரித்து, சுத்தம்செய்து, அன்றே எபாக்சி பிரைமர் (ஈரம் படாமல் தகரத்தைக் காக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகு அடுத்த பாகத்துக்குப் போவது பாதுகாப்பானது. மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவை உரிக்கும் மணல் வீச்சை பானெட், கதவு போன்ற அகன்ற மெல்லிய பரப்புகளில் பயன்படுத்தினால் தகரம் நெளிந்துவிடும்.

இனி வெட்டி ஒட்டும் வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கை வண்டியிலிருந்தே அகற்றிவிடுங்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவி, நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. ரன்னிங் போர்டை அறுப்பதாக இருந்தால், வண்டியின் எடை பல இடங்களில் சீராகத் தாங்கப்பட வேண்டும். கதவு வாசலின் குறுக்கே தற்காலிகமாக இரும்புக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்து, கதவை மாட்டி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா என்று பார்த்த பின்பே மறுபக்கத்தைத் தொடுங்கள். இதைத் தவறவிட்டால் பாடி கோணிய நிலையிலேயே நிரந்தரமாகிவிடும். பிறகு எந்தப் பட்டியாலும் அதைத் திருத்த முடியாது.

துருவின் விளிம்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி, பளபளப்பான தகரம் வரும்வரை வெட்டுங்கள். அட்டையில் அச்செடுத்து, 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், தடிமனுள்ள சிஆர் ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பழைய தகரத்தின்மேல் புதியதை ஏற்றிவைத்து ஒட்டுவது சுலபம். ஆனால் இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கி, புதிய துரு அங்கேயே தொடங்கும். விளிம்போடு விளிம்பு பொருத்தி, சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறை) ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடையிடையே நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அவசரப்பட்டு ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் பரப்பு முழுவதும் சுருங்கி வளைந்துவிடும். கேஸ் வெல்டிங்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒட்டு முடிந்ததும் சுத்தியலும், தகரத்தின் மறுபுறம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும் கொண்டு நிமிர்த்தி, அதன் பிறகே பட்டியைத் திறக்க வேண்டும்.

பட்டறையிடம் முதலிலேயே ஒரு நிபந்தனையைப் பேசிக்கொள்ளுங்கள்: வெறும் தகரத்தை நான் நேரில் பார்த்து, படமெடுத்த பிறகே பிரைமர்; பிரைமருக்குப் பிறகே பட்டி. மும்பைப் பட்டறைகளில் தகர வேலையைப் பத்ரா வேலை என்பார்கள். அதற்கும் பெயின்டுக்கும் கூலியைத் தனித்தனியாகப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் நேரம் மிச்சமாவது எப்போதும் தகரத்தில்தான்.

பட்டியை உலர்ந்த உப்புத்தாளால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் அந்த நீரைப் பட்டி குடித்துவைத்துக்கொண்டு பின்னாளில் கொப்புளமாகத் திருப்பித் தரும். தண்ணீர்த் தேய்ப்பை, பட்டிக்கு மேல் அடிக்கும் பூச்சான பிரைமர் சர்ஃபேசரின்மேல் வைத்துக்கொள்ளலாம். தகர மடிப்புகள் சேரும் இடங்களில் சீலர் பூச மறக்காதீர்கள். பழைய பெயின்டின் எந்தப் பகுதியையாவது உரிக்காமல் விடுவதாக இருந்தால், தின்னரில் நனைத்த துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். இளகினால் அது பழைய லாக்கர் வகைப் பெயின்ட், புதிய பெயின்டின் தின்னர் பட்டதும் சுருங்கும். அதையும் உரித்துவிடுவதே நல்லது. பியூ (பாலியூரிதேன்) பெயின்டில் அதை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அதை வீட்டு வளாகத்தில் அடிக்கக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் இங்கே பெயின்டுக்கு உகந்தது. நிறத்தையே மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.

நிறம் நன்கு இறுகிய பிறகு, ரன்னிங் போர்டு, கதவு, தூண் ஆகியவற்றின் உட்குழிகளில் நீண்ட குழாய்வழியே மெழுகைப் பீய்ச்சுங்கள். நீர் வடிவதற்கான அடித்துளைகளை மெழுகோ பெயின்டோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் நான் இன்றும் ஒவ்வொரு துளையையும் அப்படித்தான் பார்க்கிறேன். முதல் மழை வலுத்ததும் கீழே குனிந்து, நான்கு கதவுகளின் அடியிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறதா என்று எண்ணுகிறேன். சொட்டாத கதவின் பேடை மறுநாளே கழற்றிவிடுகிறேன்.