இரண்டாம் சுற்றில் திறக்காத நிலம்

மேஜிக் த கேதரிங் சீட்டாட்டத்தின் பயனியர் வடிவத்துக்காக (எந்தச் சீட்டுகளை ஆடலாம் என்று வரையறுக்கும் ஆட்ட வகைகளுள் ஒன்று) நான் கட்டிய சிவப்பு-கறுப்பு டெக் (சீட்டுக்கட்டு), பல நாட்களாக இரண்டாம் சுற்றிலேயே ஒரு படி பின்தங்கியது. மேசையில் மனா என்னும் ஆற்றலைத் தரும் நிலச் சீட்டுகள் இரண்டு இருக்கும், கையில் இரண்டு மனா விலையுள்ள உயிரியும் இருக்கும். ஆனால் இரண்டாவது நிலம் டேப் ஆன நிலையிலேயே, அதாவது அந்தச் சுற்றில் மனா தர முடியாதபடி பக்கவாட்டில் திரும்பியே, இறங்குவதால் அந்தச் சுற்று வீணாகும்.

முதலில் 24 நிலங்களை 25 ஆக்கினேன், பயனில்லை. பிறகு தொடக்கக் கை 7 சீட்டுகளைக் கண்டிப்புடன் மதிப்பிட்டு அடிக்கடி மல்லிகன் எடுத்தேன், அதாவது கையைக் கட்டில் கலந்து புதிய கை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு குறைந்ததுதான் மிச்சம்.

விடை சீட்டின் நடுவில் உள்ள வகை வரியில் இருந்தது. டிராகன்ஸ்கல் சம்மிட் என்ற நிலம் டேப் ஆகாமல் இறங்க, நம்மிடம் ஏற்கெனவே ஒரு ஸ்வாம்ப் (கறுப்பு மனா தரும் நில வகை) அல்லது மவுண்டன் (சிவப்பு மனா தரும் நில வகை) இருக்க வேண்டும். முதல் சுற்றில் நான் இறக்கிய பிளாக்கிளீவ் கிளிஃப்ஸ் என்ற நிலம் அதே இரு நிறங்களையும் தருகிறது என்றாலும், அதன் வகை வரியில் 'லேண்ட்' என்று மட்டுமே உள்ளது. பிளட் கிரிப்ட் என்ற நிலமோ அடிப்படை நிலம் அல்லாதபோதும் 'ஸ்வாம்ப் மவுண்டன்' என்ற வகையைத் தாங்கியிருப்பதால் அந்த நிபந்தனையை நிறைவேற்றுகிறது.

எனவே கிளிஃப்ஸ் நான்கையும் வைத்துக்கொண்டு, சம்மிட்டில் இரண்டைக் கழற்றி, பிளட் கிரிப்ட் நான்கையும் சேர்த்தேன். ஒரு மனா உயிரி கையில் இல்லாத தொடக்கத்தில், டேப் ஆகாமல் இறக்கத் தேவையான 2 உயிர்ப்புள்ளியைச் செலுத்தாமல் கிரிப்ட்டை டேப் ஆன நிலையில் முதலில் இறக்கிவிடுகிறேன். அடுத்த சுற்றில் சம்மிட், கிளிஃப்ஸ் எது வந்தாலும் தடையின்றித் திறக்கிறது. பெரிய நிம்மதி.