நழுவும் வினைச்சொற்களைப் பிடிப்பது எப்படி

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தேன். சட்டம் தரும் சலுகைகளைக் கொண்டு இவ்வளவு வரியைத் தவிர்த்தோம் என்று மூலத்தில் ஓர் இடம். முந்தைய பத்தியிலேயே ‘அவாய்ட்’ இரண்டு முறை வந்துவிட்டது. சொன்ன சொல்லையே சொல்வானேன் என்று ‘இவேட்’ போட்டேன். அச்சுக்குப் போகுமுன் பார்த்த கணக்காளர், “எங்களைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறீர்களே, சார்” என்றார். ‘டாக்ஸ் அவாய்டன்ஸ்’ என்றால் சட்டத்துக்கு உட்பட்ட வரித் தவிர்ப்பு. ‘டாக்ஸ் இவேஷன்’ என்றால் வரி ஏய்ப்பு, குற்றம். வாடிக்கையாளரின் குற்ற ஒப்புதலை அவர் செலவிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து இந்த வகைச் சொல் எதை எழுதுவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: துரத்துவது யார்?

யாரும் துரத்தவில்லை என்றால் ‘அவாய்ட்’. வழியில் தேங்கிய நீர், எண்ணெய்ப் பலகாரம், பிடிக்காத உறவினர் எதுவானாலும் நாமாக விலகிப் போகிறோம். இதன் பின்னால் இன்னொரு வினை வந்தால் ‘டு’ சேர்க்காதீர்கள். ‘அவாய்ட் டு கோ’ பிழை, ‘அவாய்ட் கோயிங்’தான் சரி. இன்னொரு பள்ளமும் உண்டு. தமிழில் விபத்தில் சிக்காமல் விலகியதையும், விபத்தே நேராமல் தடுத்ததையும் ‘தவிர்த்தார்’ என்று ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். வரவிருந்த கேட்டை வராமலே தடுத்ததை அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தில் ‘அவர்ட்’ இருக்கிறது. போரையும் பஞ்சத்தையும் நெருக்கடியையும் ‘அவர்ட்’ செய்வார்கள். பிடிக்காத உறவினரை அப்படிச் செய்ய முடியாது.

துரத்துபவருக்கு நம்மைப் பிடிக்கவோ கேட்கவோ உரிமை இருந்தால் ‘இவேட்’. காவலர், வரி அதிகாரி, பதிலுக்குக் காத்திருக்கும் நிருபர், கடமை. அதனால்தான் இச்சொல்லில் பெரும்பாலும் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலியிடமிருந்து மான் தப்பும்போது மட்டும் யாரும் மானைக் குறை சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘இலூட்’. விளையாடுவது என்ற பொருளுள்ள ‘லூடரே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. துரத்துபவனுக்குப் போக்குக் காட்டும் குறும்பு இன்றும் அதில் இருக்கிறது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்கிறோமே, அதுதான். தமிழர்கள் இடறுவது இதன் எழுவாயில். ‘அவனுக்கு வெற்றி கைகூடவில்லை’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் வெற்றி எழுவாயாகி அவனிடமிருந்து நழுவும்: ‘சக்ஸஸ் இலூடட் ஹிம்’. பெயர் நினைவுக்கு வராதபோதும் அப்படியே: ‘த நேம் இலூட்ஸ் மீ’. ஓடுவது பெயர், துரத்துவது நான். இதன் உரிச்சொல்லையும் ‘இவேட்’டின் உரிச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘இவேசிவ் ஆன்சர்’ என்றால் பதில் சொல்பவர் மழுப்புகிறார். ‘இலூசிவ் ஆன்சர்’ என்றால் யாரும் மழுப்பவில்லை; தேடித் தேடியும் விடை அகப்படவில்லை.

அடுத்த மூன்றையும் உடம்பை வைத்துத்தான் கற்க வேண்டும். ஒரு பந்து முகத்தை நோக்கி வருகிறது. சட்டென்று ஒரு பக்கம் துள்ளினால் ‘டாட்ஜ்’. தலையைத் தாழ்த்தினால் ‘டக்’. பதறாமல் ஓரடி பக்கவாட்டில் எடுத்து வைத்தால் ‘சைட்ஸ்டெப்’. இப்போது பந்துக்குப் பதில் சங்கடமான கேள்வி ஒன்றை வீசுங்கள். அரசியல்வாதி அதை ‘டாட்ஜ்’ செய்தார் என்றால் தந்திரம் தெரிகிறது; ‘டக்’ என்றால் கொஞ்சம் கோழைத்தனம்; ‘சைட்ஸ்டெப்’ என்றால் எழுதுபவருக்கு அவர் சாமர்த்தியத்தின் மேல் லேசான மதிப்பு. நடந்தது ஒன்றுதான். எந்தச் சொல் என்பது எழுதுபவரின் தீர்ப்பு. ஆகவே செய்தி மொழிபெயர்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ‘பதில் அளிக்க மறுத்தார்’ என்று போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் மறுக்கவில்லை, வழுக்கினார்.

‘ஷர்க்’ கடமையைத் தட்டிக்கழிப்பதற்கு மட்டும். ‘ஷன்’ ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்குவது. ‘எஸ்ச்சூ’ கொள்கையாக ஒன்றை விலக்கி வைப்பது. இந்தக் கடைசிச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்தினால் கேட்பவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

‘எஸ்கேப்’ எளிது என்று நினைப்போம். ‘ஃப்ரம்’ சேர்கிறதா என்று கவனியுங்கள். ‘எஸ்கேப் ஃப்ரம் ப்ரிசன்’ என்றால் உள்ளே இருந்தவன் வெளியேறினான். ‘எஸ்கேப் ப்ரிசன்’ என்றால் பெரும்பாலும் உள்ளே போகாமலே தப்பினான், அபராதத்தோடு விட்டார்கள் என்று பொருள். சின்னச் சொல்தான், ஆனால் ஒருவரின் வரலாறே மாறிவிடும். மேலங்கியைப் பிடித்தவன் கையிலேயே விட்டுவிட்டு ஓடுவது என்பதே இதன் வேர். லத்தீனில் ‘காப்பா’ என்றால் மேலங்கி. நம் ஊழியர் கூட்டத்திலிருந்து நழுவுவதற்கெல்லாம் சற்று அதிகமான சொல்.

விதியையோ தடையையோ உடைக்காமல் சுற்றிக்கொண்டு போனால் ‘சர்கம்வென்ட்’. விதி நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் மறுபக்கம் போய்விட்டீர்கள். ‘பைபாஸ்’ பெரும்பாலும் அதையே கள்ளத்தனம் இல்லாமல் சொல்கிறது.

இனி ‘அவுட்’ என்று தொடங்கும் கூட்டம். ‘அவுட்விட்’, ‘அவுட்ஸ்மார்ட்’, ‘அவுட்மனூவர்’. இவற்றின் எதிர்முனையில் ஒரு போட்டியாளர் இருந்தாக வேண்டும். விதியை ‘அவுட்விட்’ செய்ய முடியாது, விதி எழுதிய அதிகாரியைச் செய்யலாம். சதுரங்கப் பலகையில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒரு சிப்பாயைத் தூண்டிலாகப் போடுகிறீர்கள், எதிராளி ஆசைப்பட்டு வெட்டுகிறார், ராணி மாட்டிக்கொள்கிறது: இது ‘அவுட்விட்’. இன்னோர் ஆட்டத்தில் ஒரு காய்கூட வெட்டுப்படவில்லை. இருபது நகர்த்தல்களில் உங்கள் குதிரைகள் நல்ல கட்டங்களில் அமர்ந்துவிட்டன, அவர் எதைத் தொட்டாலும் நிலைமை மோசமாகிறது: இது ‘அவுட்மனூவர்’. முன்னதில் மூளை, பின்னதில் இடம்பிடித்தல். கூட்டணிப் பேச்சிலும் நிறுவனப் போட்டியிலும் பின்னதுதான் அதிகம் தேவைப்படுகிறது. ‘தண்ணி காட்டினார்’ என்று நாம் சொல்வது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அமெரிக்கர்கள் ‘அவுட்மனூவர்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலைச் சுருக்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் முறையில் மூன்று உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. எது முன், எது பின் என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை ‘இலூட்’ செய்கிறது; அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.