ஸ்காட்லாந்துத் திருமணத்துக்குக் கில்ட்: உடன் அணியும் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கில்ட் என்ற ஸ்காட்லாந்து ஆண்களின் கொசுவப் பாவாடையை அணிந்து திருமணத்துக்குப் போக முடிவு செய்தவர் முதலில் கவலைப்படுவது அதன் துணியில் உள்ள டார்டன் கட்டத்தைப் பற்றித்தான். எந்தக் குலத்தின் கட்டம், அதை நாம் போடலாமா என்று. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பால்மோரல் டார்டன் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது என்பது மரபு. குலத் தொடர்பு இல்லாதவர்கள் பிளாக் வாட்ச், ஹன்டிங் ஸ்டூவர்ட் போன்ற கட்டங்களைத் தயக்கமின்றி அணியலாம். உண்மையில் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை மற்ற பொருட்கள்: ஸ்பொரன் பை, காலுறை, காலணி, ஊசி. எட்டு கஜக் கம்பளியில் தைத்த அருமையான கில்ட்டைக்கூட ஒரு தவறான காலுறை நாடக உடையாக்கிவிடும்.

அழைப்பிதழில் உள்ள நேரத்தைப் பாருங்கள். நேரத்தைப் பொறுத்துக் கோட்டு, கோட்டைப் பொறுத்து மற்ற எல்லாம். இந்த வரிசையை மாற்றி, கண்ணைப் பறிக்கிற ஸ்பொரனை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கோட்டு தேடுகிறவர்களுக்குத்தான் குழப்பம்.

கோட்டு

பிரின்ஸ் சார்லி என்பது மாலை உடை. குட்டையான கோட்டு, பட்டுக் காலர், பின்னால் சின்ன வால், உள்ளே மூன்று பொத்தான் வைத்த, கையில்லாத வெயிஸ்ட்கோட், கறுப்பு போ டை. இதை முன்பக்கம் பூட்டுவதில்லை. ஆர்கைல் கோட்டு பகலுக்கு: ஐந்து பொத்தான் வெயிஸ்ட்கோட், நீள டை. டை ஒரே நிறத்தில் இருக்கட்டும். டார்டன் கில்ட்டுக்கு மேல் டார்டன் டை வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், ஸ்காட்லாந்துத் திருமணம் பகலில் தொடங்கி நள்ளிரவு வரை போகும். மதியம் 1 அல்லது 2 மணிக்குச் சடங்கு, பிறகு விருந்து, இரவில் கேய்லி நடனம். பகலிலேயே பிரின்ஸ் சார்லி போட்டு வருபவர்கள் இன்று ஏராளம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஒரே ஒரு கோட்டு வாங்குவதென்றால் வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு ஆர்கைலே எங்கள் தேர்வு. பகலில் நீள டை, மாலையில் சட்டைப் பையிலிருந்து கறுப்பு போ டை. ஒரே கோட்டில் இரண்டு வேளையும் முடிந்துவிடும்.

வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் போடக்கூடாது. கில்ட்டைப் பிடித்து நிற்பது அதன் சொந்தத் தோல் வார்களும் பக்கிள்களும்தான். பெல்ட்டுக்கு அங்கே வேலையில்லை. அகலமான அதன் பக்கிள் உள்ளிருந்து வெயிஸ்ட்கோட்டைத் தள்ளி, வயிற்றுக்கு நடுவே ஒரு மேடு எழுப்பும். வெயிஸ்ட்கோட் இல்லாமல் வரும் உடைக்கு மட்டுமே பெல்ட்.

ஸ்பொரன்

கில்ட்டில் பை கிடையாது. முன்னால் தொங்கும் ஸ்பொரன்தான் பை. முழுத் தோலில் வருவது பகலுக்கு. முழுதும் ரோமம், மேல் விளிம்பில் வெள்ளி வேலைப்பாட்டுடன் கேன்டில் என்ற உலோகப் பட்டை, மூன்று குஞ்சங்கள், இவை உள்ளது மாலை விருந்துக்கு. உடம்பு தோலாகவும் முகப்பு மட்டும் ரோமமாகவும் உள்ள இடைப்பட்ட ரகம் இரண்டு வேளைக்கும் பொருந்தும். மதியம் தொடங்கும் திருமணத்துக்கு இதுவே பொருத்தம். முழங்கால்வரை தொங்கும் குதிரைமயிர் ஸ்பொரன் பட்டாளத்துக்கும் பைப் வாசிப்பவர்களுக்கும் உரியது. விருந்தினர் அதைத் தொடவேண்டாம்.

ரோமம் என்ன விலங்கினுடையது என்று கேட்டு வாங்குங்கள். பழைய நல்ல ஸ்பொரன்களில் பல கடல்நாய்த் தோலில் செய்தவை. அமெரிக்காவுக்கு அதை எடுத்துச் செல்லமுடியாது. 1972 ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பயணம் செய்கிறவருக்கு முயல் ரோமமோ மாட்டுத்தோலோ தொல்லையில்லாதது.

தொங்கவிடும் உயரத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வெயிஸ்ட்கோட்டின் கீழ் நுனிக்கும் ஸ்பொரனின் மேல் விளிம்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வேண்டும். மேலே ஏறினால் வெயிஸ்ட்கோட் அதன்மேல் உட்கார்ந்து சுருங்கும். கீழே இறங்கினால் நடக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கும். சங்கிலி இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டும், கில்ட்டைக் கட்டும் இடத்தில் அல்ல. கில்ட் கட்டும் இடம் தொப்புள் மட்டம். கால்சட்டை போடும் பழக்கத்தில் அதைக் கீழே இறக்கிவிட்டால் கீழ் விளிம்பு முழங்கால் சிப்பியின் நடுவைத் தாண்டி இறங்கி, ஸ்பொரன், காலுறை எல்லாவற்றின் கணக்கும் கெட்டுவிடும். கில்ட்டின் பின்புறத்தில் சங்கிலிக்கென்று இரண்டு துணி வளையங்கள் உண்டு. அவற்றில் நுழைக்க மறந்தால் விருந்து முடிவதற்குள் சங்கிலி கொசுவத்தின் மேல் சரிந்து இறங்கியிருக்கும்.

உலோகம் எல்லாம் ஒரே சாயலில் இருக்கட்டும். கேன்டில், கோட்டுப் பொத்தான், கஃப்லிங்க், கில்ட் ஊசி, காலுறையில் செருகும் சிறு கத்தியின் தலைப்பு ஆகியவை பளபளக்கும் வெள்ளி என்றால் எல்லாமே அப்படி, மங்கிய பழமை வெள்ளி என்றால் எல்லாமே அப்படி. ஒன்றிரண்டை மட்டும் தங்க நிறத்தில் போட்டால் புகைப்படத்தில் அதுதான் முதலில் தெரியும்.

காலுறையும் ரிப்பனும்

சுண்ணாம்பு வெள்ளைக் காலுறையை எங்களால் பரிந்துரைக்க முடியாது. அது பைப் இசைக்குழுவின் அடையாளமாகிவிட்டது. கிரீம், அடர் சாம்பல், பாட்டில் பச்சை ஆகியவை நிதானமானவை. கட்டம் போட்ட காலுறை மாலை உடையின் உச்சம், விலையும் அதிகம்.

ஃபிளாஷ் என்பது காலுறை விளிம்புக்குக் கீழே எட்டிப்பார்க்கும் ரிப்பன். அதன் நிறத்தை டார்டனில் உள்ள நிறங்களிலிருந்தே எடுக்கவேண்டும்: பிளாக் வாட்ச் என்றால் கருநீலமோ பச்சையோ, ராயல் ஸ்டூவர்ட் என்றால் சிவப்பு.

போடும் முறை: காலுறையை முழங்காலுக்கு மேல்வரை முழுதாக இழுத்து, அதன் வரிகள் செங்குத்தாக நிற்கிறதா பாருங்கள். சிப்பிக்கு மூன்று விரல் கீழே ஃபிளாஷின் எலாஸ்டிக்கைப் பூட்டுங்கள். பிறகு மேல்பகுதியை அதன்மேல் மடித்து மூடுங்கள். ரிப்பன் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வெளியே தெரிந்தால் போதும். அது காலின் வெளிப்பக்கத்தில், சற்று முன்னோக்கி இருக்கவேண்டும். நேர் முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. எலாஸ்டிக் இறுகினால் கெண்டைக்கால் விண்ணென்று வலிக்கும், தளர்ந்தால் நடனத்தின் முதல் சுற்றிலேயே காலுறை கணுக்காலுக்கு வந்துவிடும்.

கில்லி புரோக் காலணி

முன்னால் நாக்கு இல்லாத, நீள லேஸ் வைத்த இந்தக் காலணியைக் கட்டுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். துளைகள் வழியாக வழக்கம்போலக் கோத்து, இரண்டு முனைகளும் சம நீளமா என்று பார்த்து இறுக்குங்கள். பிறகு கால் முன்புறத்தில் இரண்டு லேஸையும் ஒன்றோடொன்று மூன்று நான்கு முறை முறுக்குங்கள். சிறு கயிறு போல அது மேலே ஏறும். கணுக்காலுக்குச் சற்று மேலே பின்னால் கொண்டுபோய், ஒருமுறை குறுக்கிட்டு, முன்னே கொண்டுவந்து, சற்று வெளிப்பக்கமாக முடிச்சுப் போடுங்கள். குஞ்சங்கள் அங்கே தொங்கும். முறுக்காமல் வெறுமனே சுற்றினால் அரைமணியில் லேஸ் காலணிமேல் வந்து விழும், அதை மிதித்துத் தடுக்கிவிடவும் கூடும். கெண்டைக்கால்வரை ஏற்றிக் கட்டுவது வேண்டாம். காலுறையின் அழகை அது மறைத்துவிடும். இரட்டை முடிச்சு நல்லது. இத்தனை வேலை வேண்டாம் என்பவர்களுக்குச் சாதாரணக் கறுப்புத் தோல் காலணியே போதும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஸ்கீயன் டூ

காலுறைக்குள் செருகும் சிறு கத்தி. வலக்கைக்காரர் வலக்காலில், இடக்கைக்காரர் இடக்காலில் வைப்பார். உறையை ஃபிளாஷின் எலாஸ்டிக்குக்கு உள்ளே நுழைத்து, கைப்பிடியின் மேல்பகுதி மட்டும் தெரியும்படி நிறுத்துங்கள். எலாஸ்டிக் பிடித்துக்கொள்ளும், நழுவாது. பகலுக்கு மான்கொம்புப் பிடி, மாலைக்குக் கறுப்புப் பிடியும் தலைப்பில் கல்லும்.

பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம் என்றாலும், தேசிய உடையின் பகுதியாக வைத்திருப்பதை ஸ்காட்லாந்தின் 1995 ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 49 ஆம் பிரிவு தற்காப்பு வாதமாக ஏற்கிறது. உடை மாற்றிக்கொண்டு ஜீன்ஸில் வெளியே போகும்போது அந்த வாதம் நிற்காது; கத்தி அறையிலேயே இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில்தான். வாடகைக்கு வருபவை பல, அலகே இல்லாத பிளாஸ்டிக் பொம்மைகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரிவது பிடி மட்டும்தானே.

கில்ட் ஊசி

அணிபவரின் வலப்பக்கம், முன்மடிப்பின் கீழ் மூலையில் குத்துவது. ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, கீழ் விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் மேலே. முக்கியமானது: வெளி மடிப்பில் மட்டும் குத்துங்கள். உள் மடிப்பையும் சேர்த்துக் குத்திவிட்டால் இரண்டும் ஒன்றாக இழுபடும். காரில் ஏறி உட்காரும் ஒரு நொடியில் கம்பளி கிழியும். வாடகைக் கில்ட்களில் அந்த மூலையில் தென்படும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குக் காரணம் இதுதான்.

இடது தோளில் ப்ரோச் போட்டுத் தொங்கவிடும் ஃபிளை பிளெய்ட் என்ற டார்டன் தோளணியை மாப்பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். விருந்தினரும் அதே தோளணி போட்டு வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று தெரியாது. கோட்டின் இடது காலரில் வெள்ளை ஹெதர் பூங்கொத்து ஒன்று குத்தலாம், அது ராசி என்று ஸ்காட்லாந்தில் நம்பிக்கை. பெண்கள் டார்டன் சால்வைப் பட்டை அணிவதானால் வலது தோளில் ஊசி போடுவது வழக்கம். இடது தோள் குலத் தலைவரின் மனைவிக்கு உரிய இடம்.

கேய்லி தொடங்கும் முன் மூன்று வேலைகள். தோளணி இருந்தால் கழற்றி நாற்காலியில் வையுங்கள். கத்தியை எடுத்து ஸ்பொரனுக்குள் போடுங்கள். பிறகு ஸ்பொரனையே இடுப்பின் பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுங்கள். ஸ்ட்ரிப் த வில்லோ நடனத்தில் ஆள் மாற்றி ஆள் சுழலும்போது முன்னால் தொங்கும் கேன்டில் எழும்பி வந்து எங்கே இடிக்கும் என்பதை ஆடிப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.